வெஜ் வாப்பர் வாங்கினால் மாட்டுக்கறி விற்பனை குறையுமா?

ஃபாஸ்ட் ஃபுட் செயின்களின் வெஜ் பர்கர்களை ருசி பார்த்து மதிப்பெண் போடும் விமர்சனங்களுக்குப் பஞ்சமில்லை. இங்கே அளவுகோல் வேறு. அந்தப் பர்கருக்குக் கொடுக்கும் காசு இறைச்சியின் தேவையை உண்மையிலேயே குறைக்கிறதா? குறைத்தால் எவ்வளவு, எந்தக் கடையில், யார் வாங்கும்போது? முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மாட்டுக்கறி பர்கர் வாங்க வரிசையில் நின்றவர் அதை விட்டுவிட்டு வெஜ் வாங்கினால் குறையும். பிறந்ததிலிருந்து சைவமாக இருப்பவர் வாங்கினால் ஒரு கிராம்கூடக் குறையாது. சில வேளைகளில் கூடவும் கூடும், அது எப்படி என்று பிறகு பார்ப்போம்.

முதலில் சரக்கு. வாப்பர் என்பது பர்கர் கிங் செயினின் மாட்டுக்கறி பர்கர். அதன் தாவர வடிவமான அமெரிக்க பர்கர் கிங்கின் இம்பாசிபிள் வாப்பர்தான் இந்த வகையில் அதிகம் பேசப்பட்டது. 2019 ஏப்ரலில் செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில் 59 கடைகளில் விற்றுப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 8 அன்று நாடு முழுக்க வந்தது. விலை 5.59 டாலர், சாதா வாப்பரைவிட ஏறத்தாழ ஒரு டாலர் கூடுதல். நடுவில் இருக்கும் கட்லெட் சோயா புரதம், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், உருளைக்கிழங்குப் புரதம் ஆகியவற்றால் ஆனது. ரத்தச் சிவப்பும் இறைச்சி வாசமும் தருவது சோயா வேர்முடிச்சில் இருக்கும் ஹீம் புரதம். அதைச் செடியிலிருந்து பிழிந்தெடுப்பதில்லை, ஈஸ்ட்டை வைத்து தொட்டியில் நொதிக்க வைத்து எடுக்கிறார்கள். எல்லாவற்றையும் பிடித்து வைப்பது மெத்தில் செல்லுலோஸ். இதன் குணம் விசித்திரமானது: சூட்டில் இறுகும், ஆறினால் இளகும். அதனால் கடையில் சுடச்சுடத் தின்றால் கறி போலவே கடிபடும் அதே பர்கர், பார்சல் கட்டி அரை மணி நேரம் கழித்துப் பிரித்தால் கொழகொழவென்று இருக்கும். பலர் ‘நன்றாக இல்லை’ என்று எழுதுவது இந்தப் பார்சல் பர்கரைத்தான்.

சுடும் இடத்திலும் ஒரு சங்கதி உண்டு. பர்கர் கிங்கில் தோசைக்கல் மாதிரி தட்டு கிடையாது. நெருப்புக்கு மேல் ஓடும் சங்கிலியில் ஒரு முனையில் கட்லெட்டை வைத்தால் மறுமுனையில் வெந்து விழும். இந்த இயந்திரத்துக்குத்தான் பிராய்லர் என்று பெயர். மாட்டுக்கறியும் தாவரக் கட்லெட்டும் அதே சங்கிலியில்தான் போகின்றன, கொழுப்பு ஒட்டாமல் இருக்காது. 2019 நவம்பரில் இதை எதிர்த்து ஃபுளோரிடாவில் வழக்கே போட்டார்கள், மறு ஆண்டு அது தள்ளுபடியானது. சுத்த சைவம் வேண்டுமென்றால் ‘பிராய்லரில் போடாதீர்கள்’ என்று கவுன்டரில் சொல்ல வேண்டும். தனியாக மைக்ரோவேவில் சூடாக்கித் தருவார்கள். புகை வாசம் போய்விடும், ஓரம் வறண்டுவிடும். மயோனைஸில் முட்டை இருக்கிறது, ஆகவே ‘மயோ வேண்டாம்’ என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

உடம்புக்கு நல்லதென்று நினைத்து வாங்குகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். அறிமுகமானபோது இம்பாசிபிள் வாப்பர் 630 கலோரி, சாதா வாப்பர் 660. சோடியம் 1,080 மில்லிகிராம், சாதாவில் 980. கொலஸ்ட்ரால்தான் பெரிதாகக் குறைகிறது. இது வேறு கதை, விடுவோம்.

விற்பனை எப்படி? 2019-ன் மூன்றாம் காலாண்டில் அமெரிக்க பர்கர் கிங்கில் பழைய கடைகளின் விற்பனை 5 சதவீதம் ஏறியது, நான்கு ஆண்டுகளில் அதுதான் உச்சம். ‘இது எங்களுக்குக் கூடுதல் விற்பனை, புதிய வாடிக்கையாளர்கள் வருகிறார்கள்’ என்று நிர்வாகம் முதலீட்டாளர்களிடம் பெருமையாகச் சொன்னது. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இந்த விமர்சனத்தில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். பங்குதாரருக்கு இனிக்கும் செய்தி அது. ஆனால் கூடுதல் விற்பனை என்றால் பழைய வாப்பர் விற்பனை அப்படியே இருக்க, அதற்கு மேல் இது விற்றது என்று பொருள். வெஜ் வாப்பர் சாதா வாப்பரின் இடத்தைப் பிடித்திருந்தால் கடைக்கு அது கூடுதல் ஆகாது. எந்த அளவுக்கு நிறுவனம் கொண்டாடுகிறதோ, அந்த அளவுக்கு மாட்டுக்கறி குறையவில்லை.

சந்தைக் கணக்கும் இதையே சொல்கிறது. சந்தை ஆய்வு நிறுவனமான என்பிடி குழுமம் 2019-ல் வெளியிட்ட விவரப்படி, மே மாதத்தோடு முடிந்த ஓராண்டில் அமெரிக்க விரைவு உணவகங்களில் 22.8 கோடி தாவர பர்கர்கள் விற்றன, முந்தைய ஆண்டைவிட 10 சதவீதம் கூடுதல். அதே காலத்தில் மாட்டுக்கறி பர்கர் 640 கோடி. அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தாவர பர்கர் வாங்கியவர்களில் 95 சதவீதம் பேர் அந்த ஓராண்டுக்குள் மாட்டுக்கறி பர்கரும் வாங்கியிருந்தார்கள். இந்த 95-ஐ இரண்டு விதமாகப் படிக்கலாம். வாங்குபவர்கள் கறி தின்பவர்களே, அதனால் இடம் மாற வாய்ப்பு நிறையவே இருக்கிறது என்பது ஒன்று. ஒருமுறை ருசி பார்த்துவிட்டு மறுவாரம் பழையபடி கறிக்கே போகிறார்கள் என்பது இன்னொன்று. 640 கோடி அசையாமல் நிற்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான் கனமாகத் தெரிகிறது.

இனி, கூடவும் கூடும் என்றோமே, அதற்கு வருவோம். ஐந்து பேர் வெளியே சாப்பிடப் போகிறார்கள், ஒருவர் சைவம். பர்கர் கடையில் அவருக்கு ஃபிரைஸும் கோக்கும்தான் என்றால், அவருக்காக மற்ற நால்வரும் வேறு கடைக்குப் போவார்கள். செயின்களின் மெனு போடுகிறவர்கள் இதை ‘வீட்டோ ஓட்டு’ என்பார்கள். வெஜ் பர்கர் ஒன்றை மெனுவில் வைத்தால் அந்த ஒருவரின் வீட்டோ போய்விடும். கடைக்குக் கிடைப்பது ஒரு வெஜ் பர்கரின் காசு மட்டுமல்ல, நான்கு மாட்டுக்கறி பர்கரின் காசும்தான். அந்த நால்வரும் பீட்சா கடையில் சீஸ் பீட்சாவோ, இந்தியக் கடையில் சன்னாவோ சாப்பிட்டிருந்தால் நாட்டின் மொத்த மாட்டுக்கறிக் கணக்கில் அது ஏற்றம்தான். கடை விற்ற வெஜ் பர்கர்களை எண்ணிக் கறித் தேவையை அளக்க முயல்கிற எவரும் முதலில் சறுக்குவது இங்கேதான்.

ஆக, ஒரு வெஜ் பர்கரின் உண்மையான பலன் என்ன? ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்ணிக்கை நாமே வைத்துக்கொள்வது, முறைதான் முக்கியம். 100 இம்பாசிபிள் வாப்பரில் 60 மட்டும் சாதா வாப்பருக்குப் பதிலாக வாங்கியவை என்போம். மீதி 40-ஐ வாங்கியவர்கள் எப்படியும் மாட்டுக்கறி வாங்கியிருக்க மாட்டார்கள். வாப்பரின் கட்லெட் வேகும் முன் கால் பவுண்டு, அதாவது 113 கிராம். 60-க்கு 6.78 கிலோ. இந்த 6.78 கிலோவும் உற்பத்தியில் குறையுமா என்றால், இல்லை. நாம் வாங்காத கறியின் விலை கொஞ்சம் இறங்கும், இறங்கிய விலைக்கு வேறு யாரோ கொஞ்சம் கூடுதலாக வாங்குவார்கள். பொருளியலாளர்கள் நார்வுட், லஸ்க் இருவரும் 2011-ல் அமெரிக்காவுக்கு இதைக் கணக்கிட்டார்கள். ஒரு பவுண்டு மாட்டுக்கறியை ஒருவர் கைவிட்டால் உற்பத்தி 0.68 பவுண்டு குறையும். பன்றிக்கு 0.74, கோழிக்கு 0.76, முட்டைக்கு 0.91, பாலுக்கு 0.56. ஆக 6.78 கிலோ 4.6 கிலோவாகச் சுருங்குகிறது. வீட்டோ போனதால் 15 சாதா வாப்பர் கூடுதலாக விற்றிருந்தால் அதே முறையில் 1.15 கிலோவைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது சுமார் 3.45 கிலோ. 100 பர்கருக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 34 கிராம் சொச்சம். பெட்டிமேல் இருக்கும் பசுமைப் படத்தைப் பார்த்து 113 கிராம் என்று நினைத்துக்கொள்பவருக்கு மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. ஆனால் பூஜ்யமும் இல்லை.

தமிழ்நாட்டில் இந்த விலை விளையாட்டை ஆண்டுதோறும் கண்ணால் பார்க்கலாம். புரட்டாசி பிறந்தால் பல்லடம் பக்கத்துக் கறிக்கோழி விலையும் நாமக்கல் முட்டை விலையும் இறங்கும். விரதம் இல்லாதவர்களுக்கும் பிரியாணிக் கடைகளுக்கும் மலிவான கோழி கிடைக்கும். விட்டவர் விட்டதில் ஒரு பகுதியை மற்றவர் தின்பது இப்படித்தான். ஆனால் பண்ணைக்காரருக்கும் புரட்டாசி வருவது தெரியும். குஞ்சு விட்டு ஆறேழு வாரத்தில் பிடித்துவிடும் தொழில் என்பதால் முன்கூட்டியே குஞ்சைக் குறைத்து விட முடியும். கோழியின் எண் 0.76 என்று உயரமாக இருப்பதற்கு இந்த வேகமும் ஒரு காரணம். மாடு அப்படியல்ல. கன்று போட்டு, மேய்த்து, தீவனம் போட்டு, அறுப்புக்குப் போக ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகிவிடும்.

‘நான் ஒருவன் வாங்காவிட்டால் கடைக்காரன் ஆர்டரைக் குறைக்கவா போகிறான்?’ என்பது வழக்கமான கேள்வி. பெரும்பாலும் குறைக்க மாட்டான்தான். செயின் கடைகளில் பில் போடும் கருவியே எந்த அயிட்டம் எத்தனை போனது என்று எண்ணிவைத்து அடுத்த லோடுக்கான ஆர்டரைப் பரிந்துரைக்கும். ஆர்டர் பெட்டிக் கணக்கு, ஒற்றைக் கட்லெட் கணக்கு அல்ல. பெட்டியில் 50 கட்லெட் என்று வைத்துக்கொண்டால், 49 பேர் மாறினாலும் ஆர்டர் மாறாது, ஐம்பதாவது ஆள் மாறும்போது ஒரு முழுப் பெட்டி குறையும். அந்த ஐம்பதாவது ஆள் நாமாக இருக்க ஐம்பதில் ஒரு வாய்ப்பு, இருந்தால் பலன் ஐம்பது கட்லெட். சராசரியில் ஆளுக்கு ஒன்றுதான் வருகிறது.

பர்கர் கறியின் பிறப்பையும் பார்க்க வேண்டும், பலர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. யாரும் பர்கருக்காக மட்டும் மாடு வளர்ப்பதில்லை. ஸ்டேக் துண்டுகளை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் கொழுப்புச் சீவல், பால் வற்றிக் கழித்துவிடும் கறவை மாடு, ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் உறைய வைத்து வரும் கொழுப்பில்லாத கறி எல்லாம் அரைவையில் சேரும். 90 சதவீதம் கொழுப்பற்ற கறி முக்கால் பங்கு, பாதிக்குப் பாதி கொழுப்பான சீவல் கால் பங்கு கலந்தால் 80-20 பர்கர் கறி (கொழுப்பற்றது 80, கொழுப்பு 20 சதவீதம்) கிடைக்கும். பர்கர் தேவை குறைந்தால் இறக்குமதி குறையும், சீவல் விலை இறங்கும், மாட்டின் மொத்த வரும்படி சற்றுக் குறையும். மாடு வளர்ப்பவரின் முடிவை அது அசைக்கும், ஆனால் ஸ்டேக்கின் தேவை விழுந்தால் அசைக்கும் அளவுக்கு அல்ல. இதனால்தான் வெஜ் பர்கரில் சீஸ் போட்டுக்கொள்வது கொஞ்சம் அபத்தம். பால் பண்ணையில் கழிக்கப்படும் மாடு அடுத்த கவுன்டரில் பர்கராக வந்து நிற்கிறது.

நாட்டளவில் எவ்வளவு என்பதற்கும் ஒரு மதிப்பீடு உண்டு. லஸ்க்கும் சக ஆய்வாளர்களும் 2022-ல் கணக்கிட்டபடி, தாவர இறைச்சியின் விலை 10 சதவீதம் குறைந்தாலோ தேவை 10 சதவீதம் ஏறினாலோ அமெரிக்க மாட்டு உற்பத்தி 0.15 சதவீதம்தான் குறையும். இன்னொரு எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள்: 2024 ஜனவரியில் அமெரிக்க மாடுகளின் எண்ணிக்கை 8.72 கோடி, 1951-க்குப் பிறகு அதுவரை அதுதான் குறைவு. இதை எடுத்துக்காட்டி ‘பார், வெஜ் பர்கர் வேலை செய்கிறது’ என்பவர்களை நம்ப வேண்டாம். காரணம் ஆண்டுக்கணக்கில் நீடித்த வறட்சியும் தீவன விலையும். தேவை விழுந்ததால் மந்தை சுருங்கியிருந்தால் கறி விலையும் விழுந்திருக்கும், ஆனால் விலையோ உச்சத்துக்குப் போனது.

மெக்டொனால்ட்ஸின் மெக்பிளாண்ட் இரண்டு நாடுகளில் இரண்டு விதமாக நடந்தது. பியாண்ட் மீட் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த பட்டாணிப் புரதக் கட்லெட் அது. அமெரிக்காவில் 2021 நவம்பரில் 8 கடைகள், 2022 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ, டல்லாஸ் வட்டாரங்களில் சுமார் 600 கடைகள். கறி சுடும் அதே தட்டில் சுட்டு, பால் சீஸும் முட்டை மயோவும் வைத்துத் தந்தார்கள். சைவருக்கு ஒட்டாது, கறிப் பிரியருக்குத் தேவையில்லை. கடைக்கு நாளொன்றுக்கு 20 போனால் பெரிது என்று அப்போதே செய்தி வந்தது. விற்பனை மெலிந்த அயிட்டத்துக்கு அடுக்களையில் என்ன நடக்கும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். முன்கூட்டிச் சுட்டுவைக்க முடியாது, ஆர்டர் வந்த பிறகுதான் சுட வேண்டும். டிரைவ் த்ரூ வரிசை நிற்கும். உச்சி வேளையில் ஊழியர் அவசரப்பட்டு அரைகுறையாகச் சுடுவார், வாங்கியவர் மறுமுறை வாங்க மாட்டார். பெட்டி பிரித்த சரக்கு தேதி முடிந்து குப்பைக்குப் போகும், முதலாளி அடுத்த பெட்டி எடுக்கத் தயங்குவார். அந்த இரு நகரங்களிலும் சோதனை வெற்றி பெறவில்லை என்று 2024-ல் அமெரிக்கப் பிரிவின் தலைவர் ஜோ எர்லிங்கர் வெளிப்படையாகவே சொன்னார்.

பிரிட்டனில் 2022 ஜனவரி முதல் நாடு முழுக்க விற்கும் மெக்பிளாண்ட்டில் பன், சாஸ், சீஸ் எல்லாமே பால், முட்டை சேராதவை. தனிக் கரண்டி, தனிச் சமையல், வெஜிடேரியன் சொசைட்டியின் வீகன் அங்கீகாரமும் உண்டு. ஓராண்டில் டபுள் மெக்பிளாண்ட்டும் வந்தது. லண்டன் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ இருக்கும் சைவக் குடும்பம் பிள்ளைகளோடு தயங்காமல் போகலாம். சேவைக்கு முழு மதிப்பெண். கறித் தேவையைக் குறைப்பதற்கு? அந்தக் குடும்பம் வாங்குவதில் ஒன்றுமில்லை, பக்கத்து மேசைக்காரர் பிக் மேக்கை விட்டு இதை வாங்கினால்தான் கணக்கு.

கேஎஃப்சி 2019 ஆகஸ்டில் அட்லாண்டாவில் ஒரு கடையில் வைத்த தாவரச் சிக்கன் ஐந்து மணி நேரத்துக்குள் தீர்ந்தது. 2022 ஜனவரியில் நாடு முழுக்கக் கொஞ்ச நாள் விற்றார்கள். பொரித்தது கோழி பொரிக்கும் எண்ணெயிலேயே, சைவருக்கு அல்ல என்று நிறுவனமே சொல்லிவிட்டது. சைவர்கள் திட்டினார்கள். தேவைக் கணக்கில் பார்த்தால் இது சரியான ஆளுக்கு நீட்டிய சரக்கு, வாங்குபவர் கோழி தின்பவராகத்தான் இருக்க முடியும். ஒரு மாட்டில் இருநூறு கிலோவுக்கு மேல் கறி, ஒரு கோழியில் இரண்டு கிலோ தேறாது. உயிர்களின் எண்ணிக்கையைப் பார்ப்பவருக்குக் கோழியின் இடத்தைப் பிடிக்கும் சரக்கே பெரிது. காற்றில் கலக்கும் மீத்தேனைப் பார்ப்பவருக்கு மாட்டின் இடத்தைப் பிடிப்பது பெரிது.

நம் பட்டியலில் மேலே வருவது மெக்சிகோ பாணி உணவு விற்கும், பகட்டில்லாத டாக்கோ பெல் செயின். மாட்டுக்கறிக்குப் பதில் பீன்ஸ் என்று சொன்னால் போதும், மெனுவின் பெரும்பகுதி சைவமாகிவிடும். 2015 முதல் அமெரிக்க சைவச் சங்கத்தின் சான்றும் இருக்கிறது. பீன்ஸ் கறியைவிட மலிவு, எப்படியும் அடுக்களையில் கொதித்துக்கொண்டுதான் இருக்கும், தனிப் பெட்டி, தனி மெஷின் எதுவும் வேண்டாம். இங்கும் 2020 ஆகஸ்டில் மெனுவைச் சுருக்குகிறோம் என்று முதலில் தூக்கியதில் உருளைக்கிழங்கும் ஒன்று. கூச்சல் எழுந்து 2021-ல் திரும்ப வந்தது.

விலையும் பட்டியலில் வைக்கும் இடமும்தான் ருசியைவிட அதிகம் நகர்த்துகின்றன. 2024-ல் ஜெர்மனி பர்கர் கிங் தாவர பர்கர்களை இறைச்சி பர்கர்களைவிட 10 சென்ட் மலிவாக்கியது. ஆஸ்திரியாவில் 2022-ல் கவுன்டரிலேயே ‘சாதாவா, இறைச்சி வைத்தா?’ என்று கேட்க வைத்தார்கள், தாவர பர்கர்தான் சாதா. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கல்லூரி உணவகங்களில் 94,000-க்கு மேற்பட்ட சாப்பாடுகளை வைத்து 2019-ல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. நான்கில் ஒன்றாக இருந்த சைவ அயிட்டத்தை நான்கில் இரண்டாக்கியதும் சைவ விற்பனை 41 முதல் 79 சதவீதம் வரை ஏறியது. மொத்த விற்பனை அவ்வளவாக மாறவில்லை, ஆகவே ஏறியது கறிச் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துத்தான். வழக்கமாகச் சைவத்தைத் தொடாதவர்களிடம்தான் மாற்றம் அதிகம். ஒற்றை வெஜ் பர்கரை மூலையில் வைத்து ஒரு டாலர் கூட்டி விற்கும் செயின் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

இந்தியாவில் கணக்கே வேறு. 1996-ல் டெல்லியில் முதல் கடை திறந்தபோதே மெக்டொனால்ட்ஸ் மாட்டுக்கறியை விட்டுவிட்டது. சைவ அடுக்களை தனி, அங்கே நிற்பவருக்குப் பச்சை ஏப்ரன், மயோவில் முட்டை கிடையாது. அமெரிக்காவில் ஃபிரைஸிலேயே மாட்டுச் சுவையூட்டி சேர்த்ததற்காக 2002-ல் ஒரு கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்ட அதே நிறுவனம்தான். அங்கே போகும் நம்மவர்கள் இன்றும் ஃபிரைஸின் சேர்பொருள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது. இந்தியாவில் உருளைக்கிழங்கு பர்கரான மெக்ஆலூ டிக்கி சிக்கன் பர்கரைவிட மலிவு. சைவர் வாங்கினால் அது இடம்பிடிப்பது வடா பாவையோ சமோசாவையோதான். புரட்டாசி சனிக்கிழமை சென்னை மாலில் வாங்குபவர் அன்றைக்குக் கோழி தின்றிருக்கப் போவதில்லை, குறைத்தது விரதம், பர்கர் அல்ல. ஐப்பசியில், விரதமெல்லாம் முடிந்து, வழக்கமாக மெக்சிக்கன் கேட்பவர் கவுன்டரில் டிக்கி கேட்டால் அப்போது ஒரு சிக்கன் கட்லெட் பில்லில் குறைகிறது.